எல்லோரும் பார்த்த வளையம்

செப்டம்பர் 22, திங்கள்

பக்கத்து வீட்டு ஹெட்லி இன்றும் பீப்பாயைத் திறந்துவிட்டான். ஆட்டுப் புழுக்கை, புளித்த பீர், இன்னும் என்ன எழவோ. கலக்கிக் கலக்கித் தன் லீக்ஸ் என்கிற ராட்சச வெங்காயத்தாள் செடிகளுக்கு ஊற்றுகிறான். குடித்துக்கொண்டிருந்த டீயைத் தொட்டியில் கொட்டினேன். நாற்றத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். பாத்திக்கு மேலே விடிய விடிய எரிகிறதே அந்த விளக்கு! யார் லீக்ஸ் பெரிசு என்கிற போட்டிக்கு முன்னால் எவனாவது வந்து செடியைக் கத்தியால் கீறிவிடுவானாம். இந்த நார்தம்பர்லாந்து மாவட்டத்தில் லீக்ஸுக்குக் காவல் உண்டு. என் வானம் எக்கேடு கெட்டால் யாருக்கென்ன.

செப்டம்பர் 25

ஊர் மன்றத் தலைவி பவுலின் வந்தாள். தொலைநோக்கிக் கொட்டகையைப் பற்றித்தான். "மேவிஸ், லீக்ஸ் விழா அன்னிக்கே நட்சத்திரம் காட்டுறதையும் வெச்சிருங்க. பதிவேட்டுல அம்பது பேர் நல்லபடியா எழுதியிருந்தா கொட்டகை உங்களுக்கே. இல்லேன்னா விழா மேசைங்களைப் போட்டுவைக்க எங்களுக்கு வேணும்."

பன்னிரண்டு வருஷம். அதன் கூரையில் நான் அடிக்காத ஆணி இல்லை. மேசைகளாம்.

அக்டோபர் 4, சனி

லீக்ஸ் விழா. ஊர் மன்றக் கூடத்தில் நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பாலில் குளிப்பாட்டிய லீக்ஸ், ஒவ்வொன்றும் தொடைத் தடிமன், கறுப்பு வெல்வெட் மேல் பிணம் மாதிரி கிடக்கின்றன. அளவுகோலோடு குனிந்து நிற்கிறார்கள் தொப்பை போட்ட ஆண்கள். ஹெட்லிக்கு முதல் பரிசு. செடியைத் தூக்கி முத்தம் கொடுத்தான். சீ.

ஏழு மணிக்குத் தூறல், பத்தே நிமிஷம். அப்புறம் வானம் துடைத்துவிட்டாற்போல் ஆகிவிட்டது. தொலைநோக்கி தானாகவே சனிக் கிரகத்தைத் தேடிப் பின்தொடரும். நான் வாசலில் பதிவேட்டோடு உட்கார்ந்தேன், ஆளுக்கொரு பக்கம். வரிசை மைதானத்தைத் தாண்டி நின்றது. "ரொம்ப அழகு, மேவிஸ்." "அருமை." ஐம்பத்து மூன்று கையெழுத்து!

அதில் ஒன்று ஹெட்லி. கையெல்லாம் லீக்ஸ் நாற்றம். வெகு நேரம் பார்த்தான். "டீச்சர், ஒண்ணும் தெரியலையே. கும்மிருட்டா இருக்கு."

பின்னால் வரிசை செருமியது. "பீர் தெளிஞ்சதும் வாங்க, தெரியும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். 'ஒண்ணும் தெரியல — ஹெட்லி' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுப் போனான். தடியன். ஐம்பத்து மூன்று பக்கத்தில் ஒரு கறை.

கால் வலி. கொட்டகையின் நகரும் கூரையை மட்டும் இழுத்து மூடிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 5

தொலைநோக்கியின் மூடி போட்டபடியே இருக்கிறது.

மாலை — நேற்றுத் தூறலுக்கு மூடியைப் போட்டேன். அதற்குள் பவுலின் பேசக் கூப்பிட்டாள். கழற்றவே இல்லை. ஐம்பத்து மூன்று பேரும் இருட்டைப் பார்த்திருக்கிறார்கள். பவுலின் எழுதியிருக்கிறாள்: 'வளையங்கள் கண்ணைப் பறித்தன.' பாதிரியார்: 'இறைவனின் கைவண்ணம்.' கர்மம்!

ஏன் இப்படி? முன்னால் நின்றவர் அழகு என்றார், பின்னால் வரிசை காத்திருக்கிறது. நான் மட்டும் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொருவரும்… நாம் செத்தாலும் வரிசையை நிறுத்த மாட்டோம். நான் மட்டும் யோக்கியமா? போன வருஷம் பவுலின் வீட்டில் வேகாத கேக்கைத் தின்றுவிட்டு, இன்னொரு துண்டு கேட்டவள்தானே.

அக்டோபர் 6

யாருக்கும் தெரியாது. ஹெட்லியின் பக்கம் ஒன்றுதான் சாட்சி. அதை மட்டும் கிழித்துவிட்டால் ஐம்பத்திரண்டு மிஞ்சும். கத்தரிக்கோலை எடுத்தேன். எடுத்தேனே! முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். கண்டதை எழுதுங்கள், எதிர்பார்த்ததை எழுதாதீர்கள் என்று எத்தனை நோட்டில் சிவப்பு மையால் எழுதியிருப்பேன். ஹெட்லியின் பீப்பாய் இதைவிடச் சுத்தம்.

அக்டோபர் 9

ஹெட்லியின் வரிக்குக் கீழே எழுதினேன்: 'இவர் சொன்னது சரி. தொலைநோக்கியின் மூடி கழற்றப்படவில்லை. தவறு என்னுடையது. — மேவிஸ்.' கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பவுலின் முகம் தொங்கிவிட்டது. "இதையெல்லாம் எதுக்கு எழுதணும்? எல்லாரும் சந்தோஷமாத்தானே போனாங்க."

"என்ன பார்த்தீங்க, பவுலின்?"

"நல்லாத்தான் இருந்தது" என்றாள்.

அக்டோபர் 17

கொட்டகைச் சாவியைக் கொடுத்தாயிற்று. பாதிரியார் என்னைக் கண்டதும் தெருவின் அந்தப் பக்கம் போய்விட்டார். தொலைநோக்கி துண்டு துண்டாக என் படுக்கையறையில் கிடக்கிறது. இந்த ஊரையே பிடிக்கவில்லை.

அக்டோபர் 25

ஹெட்லி வேலிக்கு மேலே தலையை நீட்டினார். "டீச்சர், அந்தக் குழாயை எங்க வெக்கப்போறீங்க?"

"அதைப் பத்தி உங்களுக்கென்ன?"

"பாத்தி காலியாத்தானே கெடக்கு. சமமான தரை. செடியைப் பிடுங்கியாச்சு, இனி விளக்கும் வேணாம்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடுங்க, பீர் குடிச்சிருந்தது நெசந்தான்" என்றார்.

நவம்பர் 1

ஏழு மணி, ஹெட்லியின் பாத்தி. விளக்கு இல்லை. கணுக்கால் வரைக்கும் அவருடைய சேறு. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு குழாயைப் பொருத்திச் சனிக் கிரகத்துக்குத் திருப்பினேன். ஹெட்லி முட்டிபோட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"தெரியுது" என்றார். பிறகு, "இத்தனூண்டுதானா?"

"இத்தனூண்டுதான்."

மறுபடியும் குனிந்தார். மூடி என் கோட்டுப் பையில்தான் இருக்கிறதா என்று இரண்டு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.