வாசலில் தூங்கும் பிள்ளைகள்

நவ. 9, ஞாயிறு. கோபன்ஹேகன்

மழை என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது. மூக்கு நுனி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாலு மணிக்கே இருட்டு. மஃரிப் தொழுது முடித்தும் கடிகாரத்தைப் பார்த்தால், ஊரில் நாம் டீ குடிக்கிற மணிதான்.

பெட்டியில் வந்தவை: பூண்டு லேகியம், மிளகாய்த்தூள், பழைய வேட்டி கிழித்த துணி ஒரு மூட்டை, வெள்ளி அரைஞாண். வராதது: கருவாடு. ஏற்றிவிட வந்த என் வீட்டுக்காரர் பயந்துபோய் ஏர்போர்ட் வாசலிலேயே எடுத்துவிட்டார்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் தங்கை ரிஸ்வானாவுக்கு ஒத்தாசையாக நான். இரண்டு வாரம்தான். அதற்கு மேல் மெத்தைக் கடையை இவர் ஒருவராகப் பார்க்க முடியாது.

பிள்ளை பெயர் ஹனா. பிறந்து நாற்பது நாள் கழிந்து சில நாள்தான். தோளில் போட்டதும் தூங்கிவிட்டாள். எனக்குப் பிள்ளை இல்லை. ஆனால் எங்கள் தெருவில் என் இடுப்பில் ஏறாத பிள்ளையும் இல்லை.

ரி. சாப்பிட்டது: கறுப்பு ரொட்டி, அதன்மேல் வேகாத மீன். பிள்ளை பெற்ற உடம்பு! வாயைப் பொத்திக்கொண்டேன்.

நவ. 10, திங்கள்

காலையில் வெயில், பத்தே நிமிடம். பிறகு அதுவும் இல்லை.

மதியம் அடுப்படியில் இருந்தேன். வெளியே வந்தால் பிள்ளையைக் காணோம். ரி. சோபாவில் போன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளை எங்கே? பால்கனியில்! தள்ளுவண்டியில் படுக்கவைத்து, கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு! வெளியே ஐந்து டிகிரி!

"உனுக்கு இன்னா பைத்தியமாடி?"

"இங்க எல்லாரும் இப்டிதான்க்கா. நல்லா சுத்திதான் வெச்சிகீறேன். வெளிய தூங்கினாதான் நல்லா தூங்கும்."

"செத்துடும்டி!"

"வாய கழுவு மொதல்ல."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தேன். ஹனா மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கினாள். கன்னம் ரோஜா நிறம். தும்மல்கூட இல்லை. அது வேறு எரிச்சல்.

நவ. 11, செவ்வாய்

தங்கை வீட்டுக்காரர் ஃபாரூக் கால்வாய் காட்டக் கூட்டிப்போனார். படகு, இரண்டு பக்கமும் கலர் கலராக வீடுகள். நம் முட்டுக்காடு போட் ஹவுஸ்தான், தண்ணீர் மட்டும் நாறவில்லை. மரங்களில் இலையே இல்லை. சைக்கிள் ஆயிரம், ஒரு ஹாரன் இல்லை. யாரும் யாரையும் தொடுவதில்லை, உரசுவதுகூட இல்லை. கால் வலி.

நவ. 12, புதன்

எழுதிவிட்டால் தூக்கம் வரும் என்று எழுதுகிறேன்.

தயிர் வாங்கத் தனியாகப் போனேன். மூலையில் ஒரு காபிக் கடை. வாசலில் மூன்று தள்ளுவண்டி, வரிசையாக, நாம் செருப்பு விடுகிற மாதிரி. மூன்றிலும் பிள்ளைகள். பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. தூறல். கண்ணாடிக்குள்ளே எல்லோரும் சிரித்துச் சிரித்துக் காபி.

நடு வண்டியில் இருந்தது அழ ஆரம்பித்தது. நின்றேன். இப்போது வருவார்கள், இப்போது வருவார்கள் என்று பார்த்தேன். யாரும் வரவில்லை. அழுகை விக்கலாகிவிட்டது. எப்படிப் போவது? செங்கல்பட்டு மின்சார ரயிலில் நிற்கிறவள் பிள்ளையை உட்கார்ந்திருக்கிறவளிடம் நீட்டுவாள், இவள் வாங்கிக்கொள்வாள். பெயர்கூடக் கேட்பதில்லை. அப்படித்தானே பழக்கம்.

தூக்கினேன். கோட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டேன். நின்றுவிட்டது அழுகை. என் கழுத்தில் மூச்சு. காற்று படாத பக்கமாகத் தட்டிக்கொண்டே நாலு எட்டு நடந்தேன். அவ்வளவுதான் செய்தேன், அல்லா சாட்சி.

பின்னால் ஒரு கத்தல். கடையே வெளியே வந்துவிட்டது. தாய்க்காரி ஓடி வந்து பிடுங்கினாள், அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "பேபி க்ரை, பேபி க்ரை" என்றேன். வேறு இங்கிலீஷ் வரவில்லை. போலீஸ் வந்தது, ஒரு ஆணும் ஒரு பெண்ணும். அடிக்கவில்லை, திட்டவில்லை. நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. சோறு தின்னாத பிள்ளைகளைப் பயமுறுத்த ஒருத்தியைச் சொல்வோமே, புள்ள புடிக்கிறவள். அவள் நான்தான்.

என் போனிலிருந்து அவர்களே கூப்பிட, ரி. ஹனாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவர்கள் பாஷையில் ஏதேதோ சொன்னாள். என் பெயரை எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். தாய்க்காரியிடம் கை கூப்பினேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டுப் படி ஏறும்போது ரி.:

"உனுக்குப் புள்ள இல்லன்னா, ரோட்ல கீற புள்ளய எல்லாம் தூக்கிக்குவியா?"

ரிசு. என் ரிசு சொன்னாள்.

நவ. 13, வியாழன்

தூறல். நாள் முழுக்க அவள் அறைக் கதவு சாத்தியே இருந்தது. ஹனா அழுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. வெங்காயம் உரித்தேன், வேண்டாத அளவுக்கு.

ஊரிலிருந்து இவர் போன்.

"இன்னாம்மே, கொரலு ஒரு மாதிரி கீது?"

"சளி."

"பின்ன, அந்தக் குளிர்ல? கம்முனு வூட்டுக்குள்ளயே இரு."

இத்தனை வருடத்தில் ஒருத்தர்கூட முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. மாமியார்கூட. சொல்ல என் தங்கைதான் வேண்டியிருந்தது.

நவ. 15, சனி

நேற்று எனக்குக் காய்ச்சல், மாத்திரை. இன்று மீன் குழம்பு வைத்தேன். ஃபாரூக் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ரி. வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பயத்துல வாய்க்கு வந்தத சொல்ட்டேன்க்கா. இங்க ஒரு கேஸு ஆனா எங்க நெலம இன்னா?" அழுதாள். நானும். சரி விடு என்றேன். விட்டேனா என்று தெரியவில்லை. ஹனாவை என் மடியில் வைத்தாள்.

"இங்கயே ஒக்காந்துகினு வெச்சிக்கோக்கா. வெளிய மட்டும் தூக்கினு போவாத."

அவளும் அறையை விட்டு நகரவில்லை. ஊறுகாய் ஜாடியைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நவ. 18, செவ்வாய்

அதே கடை வழியாகப் போக வேண்டியிருந்தது. எதிர் நடைபாதையில் போனேன். வாசலில் இரண்டு வண்டி. ஒன்று அழுதது. நடையை வேகமாக்கினேன். பிள்ளை அழ அழ நான் நடந்து போகிறேன்! எனக்கே நம்ப முடியவில்லை.

நவ. 22, சனி. செங்கல்பட்டு

இங்கே நல்ல மழை. ஆனால் சூடான மழை. இவர் ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தார். எதிரிலேயே திரிசூலம் ஸ்டேஷன், டாக்சிக்கு ஏன் தண்டம் என்று மின்சார ரயில். எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது, பெட்டி இவர் காலடியில்.

கூடுவாஞ்சேரியில் கூட்டம் திமுதிமுவென்று ஏறியது. ஈரக் குடை, பூ வாசனை, "தள்ளி நில்லுய்யா." ஒரு சின்னப் பெண், இடுப்பில் பிள்ளை, தோளில் பை. வழக்கம்போல் என் பக்கம் நீட்டினாள்.

என் கை எழவில்லை.

இவர் என் முகத்தைப் பார்த்தார். பிள்ளை என் முகத்தைப் பார்த்தது.

"தூக்கலாமாம்மா?" என்றேன். நானா கேட்டேன்!

"இன்னாக்கா கேட்டுகினு? புடி, கை நோவுது."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அழவில்லை, என் வளையலைப் பிடித்து இழுத்தது. பரனூர் வரைக்கும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன், எப்போது கத்துவாளோ என்று. அவள் போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.