கெண்டைக்காலுக்கு வைத்த வெளிச்சம்

திருத்தணி
ஆடிக் கிருத்திகை முடிந்து ஒன்பதாம் நாள், 1986

அன்புள்ள தம்பி பக்தவச்சலத்துக்கு அக்கா தேவகி எழுதுவது. மெட்ராசில் நீ நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

என் வீட்டுக்காரர், உன் பாவா, போட்ட கார்டு வந்திருக்கும். 'சிவப்பு லைட்டு காட்டி ஊரை ஏமாத்துற கும்பல்ல நீயும் ஒருத்தன், இனிமே என் வாசப்படி மிதிக்காதே' என்று எழுதி, எனக்கும் படித்துக் காட்டிவிட்டு, என் கையாலேயே தபாலில் போட வைத்தார். நானும் போட்டுவிட்டு வந்தேன். கோபத்தில் நீ பதில் எதுவும் எழுதிவிடாதே. இதை முழுசாகப் படி, படித்ததும் கிழித்துப் போடு.

கிருத்திகைக்குப் பூக்காவடி எடுத்தார். நன்றாகத்தான் ஏறினார். பாதிப் படி தாண்டியதும் பின்னங்காலில் யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்ததாம், திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லையாம். அப்படியே உட்கார்ந்துவிட்டார். காவடியை வேறு ஒருத்தர் வாங்கிக்கொண்டு மேலே போக, இவரை நாலு பேர் கீழே தூக்கி வந்தார்கள். கிளட்ச் மிதிக்கிற இடது கால்தான், வேறென்ன. பதினாலு வருஷம் திருப்பதி பஸ் ஓட்டின மனுஷன், கக்கூசுக்குப் போக என் தோளைப் பிடிக்கிறார்.

இங்கே பார்த்த டாக்டர், கெண்டைக்கால் சதை இந்த முறை முழுசாக அறுந்துவிட்டது, உடனே மெட்ராஸ் போய்த் தைக்க வேண்டும் என்கிறார். நாள் தள்ளினால் சதை சுருங்கிவிடுமாம், அப்புறம் தைத்தாலும் வண்டி ஓட்ட முடியாதாம். இவரோ 'மெட்ராஸ் டாக்டருங்க சங்காத்தமே வேணாம்' என்று எண்ணெய் போட்டு உருவிக்கினு கிடக்கிறார். கால் வீங்கிக் கறுத்துப் போயிருக்கிறது.

முதல் தடவை சதை கிழிந்தபோது, நீ வேலை செய்கிற இடத்தில் உங்கள் டாக்டர் வைத்த சிவப்பு லைட்டு மேல் ஒரு குற்றமும் இல்லை, வச்சலம். பத்துத் தடவை வைத்தார்கள். சூடும் தெரியவில்லை, சுருக்கென்றும் இல்லை, இது என்னா வைத்தியம் என்று இவர் கிண்டல் பண்ணிக்கினே படுத்திருந்தார். ஏழாம் நாளே வலி போனது. கடைசி நாள் இவர் வெளியே செருப்பு மாட்டப் போனபோது டாக்டர் என்னைக் கூப்பிட்டார். நீயும் பக்கத்தில் நின்றாய். 'வலிதாம்மா போயிருக்கு, கிழிஞ்ச சதை இன்னும் சேரலை. இந்த வெளிச்சம் சதையைத் தூண்டிவிடும், வளர்றதுக்கு நாளாகும். ரெண்டு மாசம் படி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, அவருக்குச் சொல்லிடுங்க' என்றார். ஆங், ஆங் என்று தலையை ஆட்டினேன்.

நான் சொல்லவில்லையடா.

கால் சரியானால் இந்த ஆடிக்கே காவடி எடுக்க வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவள் நான். சொன்னால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார். வாக்குத் தவறினால் சாமி மறுபடியும் காலிலேயே கை வைத்துவிடும் என்று பயந்தேன். வலிதான் இல்லையே, அப்புறம் என்ன என்று நானே முடிவு கட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர் படி ஏற ஏற, பின்னாலேயே அரோகரா போட்டுக்கினு போனேன்.

மூன்று நாளாகச் சொல்லிவிடலாம் என்று கட்டில் வரைக்கும் போகிறேன், கஞ்சியை வைத்துவிட்டுத் திரும்பி வருகிறேன். தெரிந்தால் என் தோளையும் தொடமாட்டார். அப்புறம் எதைப் பிடித்து எழுந்திருப்பார்? ஆனால் லைட்டு ஏமாற்று இல்லை என்று புரிந்தால்தான் மெட்ராசுக்குக் கிளம்புவார்.

அதனால் நீ எழுது. டாக்டர் இதை உன்னிடம்தான் சொன்னார், பாவாவிடம் சொல்ல நீதான் மறந்துவிட்டாய் என்று எழுது. நாளைத் தபாலிலேயே போடு. வாய்க்கு வந்தபடி திட்டுவார், திட்டிக்கினே பஸ் ஏறிவிடுவார். உன்னைத்தான் ஏற்கெனவே வேண்டாம் என்று விட்டாரே, இதையும் உன் தலையில் போட்டால் என்ன என்று நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டாள் உன் அக்கா.

உனக்காக மலையைப் பார்த்துக் கும்பிடப் போனேன், கை எழும்பவில்லை. என் வேண்டுதல் எதுவும் உன் மேல் வேண்டாம். நீயாகவே நல்லா இரு, சாமி.

உன் அக்கா,
தேவகி