பெயர் எடுக்கப்படும் முன்

தைவான், சியாயியில் இருக்கும் அம்மாவுக்கு, வணக்கத்துடன் மெய்-ஷுவான். முழங்கால் வலி குறைந்ததா? எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

இங்கே ஆஸ்திரேலியாவில், இறைச்சிக் கூடத்துக் கத்தி வலது கையில் லேசாகப் பட்டுவிட்டது. இரண்டு விரல்கள்தான் மடங்கவில்லை. ஊருக்கு வந்தால் நம் அரசு மருத்துவக் காப்பீட்டில் சரிசெய்யலாம் என்றேன். அறைத்தோழி சிரித்தாள்.

"அடுத்த மாசத்தோட நீ தைவானை விட்டு வந்து ரெண்டு வருஷம்டி. ரெண்டு வருஷம் ஊர்ப்பக்கம் போகலேன்னா அரசாங்கம் குடும்பப் பதிவுல இருந்து பேரை எடுத்துடும்; அப்புறம் இன்சூரன்சும் போச்சு."

முதலாளி விடுப்புத் தர மறுக்கிறார். என் பாஸ்போர்ட்டும் அவரிடம்தான் இருக்கிறது. உங்களுக்கு உடம்பு ரொம்ப மோசம் என்று அவருக்கு ஒரு வரி எழுதுங்கள், அம்மா. அபசகுனம் என்று பார்க்காதீர்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வலித் தைலமும் அனுப்புங்கள். வேலைக்கான சங்கு ஊதிவிட்டது. இடது கைக்கு இவ்வளவுதான் எழுத வருகிறது.