கத்திரி பட்ட கூறைப் புடவை

4-6-1973, திங்கள்

இன்றும் மாணிக்கவேல் எல்லார் முன்னாலும் என்னை "டேய் லோகு" என்றான். ஐந்தாம் பாரத்தை மூன்று தரம் எழுதியவன் பட்டு நெசவாளர் சங்கத்துக்குத் தலைவர். அதே பெஞ்சில் உட்கார்ந்து எம்.ஏ. வரை போன நான் தலைமை எழுத்தர். மானேஜர் நாற்காலி நாலு வருஷமாகக் காலி. அந்த வேலை முழுவதும் நான்தான் பார்க்கிறேன். நாற்காலியில் மட்டும் உட்காரக் கூடாது. அதைத் தூக்கி அவன் மண்டையில் போட்டால் என்ன சத்தம் வரும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

புதிதாக ஒரு பையன் வந்து சேர்ந்தான். ஜெயச்சந்திரன். சேலத்தில் கைத்தறி டிப்ளமோ. நெசவாளர் கொண்டுவரும் புடவைகளைப் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை. ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால்தான் வேலை நிரந்தரம். தேவிகாபுரம் பக்கம், அம்மா கூலிக்கு நாற்று நடுகிறவள். நெசவு வீட்டுப் பிள்ளை இல்லை என்று தெரிந்ததும் ஆபீஸே கழுத்தை நீட்டிப் பார்த்தது. பியூன் தருமன் எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸில் தண்ணீர் கொடுத்துவிட்டு அவனுக்கு மட்டும் ஒரு தகர டம்ளரை நீட்டினான். பையன் டம்ளரை ஒரு சுற்று திருப்பிப் பார்த்தான். பிறகு குடித்தான். "அளவுகோல் எங்க சார் இருக்கு?" அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

இவனுக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் வருஷம் முடிவதற்குள் ஓடினார்கள். ஒருவனை பஸ் ஸ்டாண்டில் செருப்பால் அடித்தார்கள். பார்க்கலாம்.

20-6-1973

பையனுக்கு இன்னும் நாற்காலி போடவில்லை. நின்றுகொண்டே வேலை செய்கிறான். முதுகு வளையவில்லை. எரிச்சலாக இருக்கிறது.

3-7-1973, செவ்வாய்

மாணிக்கவேலின் மைத்துனன் நெய்த புடவை வந்தது. முந்தானையில் குறுக்கே ஓடும் ஊடை இழை தளர்ந்திருக்கிறது என்று பையன் இரண்டாம் தரத்தில் போட்டுவிட்டான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையா? சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான். சொல்லவில்லை. எனக்கு யார் சொன்னார்கள்?

மாணிக்கவேல் உள்ளே வந்து புடவையைச் சுருட்டி அவன் முகத்தில் எறிந்தான். பின்னாலேயே கை. ஒரே அறை. அறைந்த சத்தத்தில் தராசுத் தட்டு ஆடியதுபோல் எனக்குத் தோன்றியது.

"யார் வூட்டுப் பொடவைன்னு தெரியுமாடா உனக்கு?"

"பொடவையைத்தாங்க பார்த்தேன். வூட்டைப் பார்க்கலீங்க."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அடக்கிக்கொண்டேன். பையன் குனிந்து புடவையை எடுத்து, மடிப்பு மாறாமல் மடித்து, அதே இரண்டாம் தர அடுக்கில் வைத்தான். நானாக இருந்தால் முதல் அடுக்கில் வைத்திருப்பேன். இருபத்து நாலு வயசில் வைத்தும் இருக்கிறேன். அதனாலேயே அவனை இன்னொரு அறை அறையலாம்போல் இருந்தது.

22-7-1973, ஞாயிறு

சங்கத்து நெசவாளி பழனியும் அவன் மனைவி கற்பகமும் வந்தார்கள். ஆவணியில் பெண்ணுக்குக் கல்யாணம். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். கூறைப் புடவையைப் பழனியே நெய்கிறான். சங்கம் தறிக்குக் கொடுத்த பாவு இழையில் மூன்று புடவை வரும். மூன்றாவதைத் தான் எடுத்துக்கொள்வதாகக் கேட்டானாம், மாணிக்கவேல் சரி என்றானாம். பட்டுக்கும் ஜரிகைக்கும் பணம் கட்டியாகிவிட்டது.

"முடியற வரைக்கும் அது மேல இரும்பு படக் கூடாதுண்ணா," என்றான் பழனி. "இவ பார்த்தியா, வூட்ல இருந்த கத்திரியைக்கூட தூக்கி பக்கத்து வூட்ல குடுத்துட்டா. இழை அறுந்தா நான் பல்லால கடிச்சிகினு கெடக்கறேன்."

"பொண்ணு நல்லாயிருக்கணும்னா பல்லு போனா இன்னா?" என்றாள் கற்பகம்.

நன்றாகச் சிரித்தோம். போன மாதம் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, "தலைவரே, ஜரிகை கறுத்துப் போவுதே, எங்கே வாங்கறீங்க?" என்று கேட்டவன் இந்தப் பழனிதான். மாணிக்கவேல் அன்று ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

9-8-1973, வியாழன்

தலைவர் அறை. நான், பையன், மாணிக்கவேல். வேறு யாரும் இல்லை.

"பழனி சங்கத்துப் பட்டைத் திருடி வெளியாளுக்கு நெய்யறான். நாளைக்குக் காலையில கோயில்ல கூழ் ஊத்துறாங்க, தெருவே அங்கதான் இருக்கும். நீ போய் தறியில இருக்கற பொடவையை வெட்டிக் கொண்டா. அதுதான் அத்தாட்சி."

"அவர் இல்லாதப்பவா சார்?"

"இருந்தா வெட்ட வுடுவானா? உன் வேலை நிரந்தரம் ஆவணுமா வேணாமா? இதுகூட முடியலன்னா ஊருக்குப் போய் அம்மாகூட நாத்து நடு."

பையன் என்னைப் பார்த்தான். என்னைத்தான் பார்த்தான். அது கூறைப் புடவை என்று நான் சொல்ல ஒரு மூச்சு போதும். நெசவுத் தெருவில் பிறந்திருந்தால் யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருக்கும். நான் மேசைமேல் இருந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன்? அவன் முதுகு வளையவில்லை, அதனாலா?

10-8-1973, ஆடி வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆபீஸில் உட்கார முடியவில்லை. பையன் பின்னாலேயே போனேன். தெருமுனையில் நின்றேன். தறிக்கெல்லாம் குங்குமம் வைத்திருந்தார்கள். அம்மன் கோயிலில் மேளம். பையன் பழனி வீட்டுக்குள் போனான். கற்பகம் சமையல்கட்டில் இருந்திருக்கிறாள். கத்திரிச் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறாள்.

அவள் போட்ட அலறல்! மேளம் நின்றுவிட்டது. பெண்ணின் தாலியையே அறுத்துவிட்ட மாதிரி அலறினாள்.

கோயிலிலிருந்து தெருவே திரும்பி ஓடி வந்தது. பழனி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "கூறைப் பொடவைடா... எம் பொண்ணு கூறைப் பொடவைடா..." வாசலில் நின்ற பையனுக்கு அப்போதுதான் புரிந்தது. கையில் இருந்த துண்டைக் கீழே போடவும் தெரியவில்லை, வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை. "எனக்குத் தெரியாதுங்க. தலைவர்தான்..." என்று ஆரம்பித்தான். முடிக்க விடவில்லை. முதல் அடி கூழ் அண்டாவின் கரண்டியால் விழுந்தது. காது கிழிந்தது. கீழே விழுந்தவனை மிதித்தார்கள். அவன் ஊரைச் சொல்லி, தெருவைச் சொல்லி, அம்மாவைச் சொல்லி மிதித்தார்கள். புடவைக்காக அடித்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் எதற்கு அடித்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

பழனியின் தம்பி, "வெட்டின கை எது?" என்று கேட்டான். இரண்டு பேர் வலது கையை இழுத்து வாசற்படிக் கல்லின்மேல் வைத்துப் பிடித்தார்கள். சுவரில் சாத்தியிருந்த படமரத்தை, நெய்த துணியைச் சுற்றும் அந்தக் கட்டையை எடுத்தான். மூன்று அடி. மூன்றாவது அடியில் சத்தம் மாறியது.

நான் தெருமுனையில்தான் நின்றுகொண்டிருந்தேன். பத்து வீடு தூரம்கூட இல்லை.

11-8-1973, சனி

ஆஸ்பத்திரி. விரல்கள் பழையபடி மடங்குமா என்று டாக்டர் சொல்லவில்லை. வராந்தாவில் அவன் அம்மா கன்னியம்மா. முழங்காலில் இன்னும் வயல் சேறு. கையைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. "எம் புள்ளைக்கு வேலை போயிடுமா சார்?" என்றுதான் கேட்டாள்.

போலீஸ் பழனியின் தம்பியைப் பிடித்துப் போயிருக்கிறது. மாணிக்கவேல் ஊரெல்லாம் சொல்கிறான்: "நான் எங்கய்யா சொன்னேன்? பையன் தானா போய் வெட்டிட்டான். கொழுப்பு."

14-8-1973

மாணிக்கவேல் தோளில் கை போட்டான். வேலூரிலிருந்து கைத்தறித் துறைக்காரர்கள் விசாரணைக்கு வருகிறார்களாம். "நான் சொல்லலைன்னு ஒரு வார்த்தை. மறுநாளே மானேஜர் நாற்காலியில உக்காரு."

என் மனைவி கிருஷ்ணம்மாளிடம் சொன்னேன். "உக்காருங்களேன், யாரு வேணாம்னது?" என்றாள். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "அந்தப் பையனுக்கு இடது கையால சாப்பிட வருதா?" என்று கேட்டாள்.

26-8-1973

பொய் சொல்லப் போகிறேன். முடிவு செய்துவிட்டேன். நாலு வருஷம், இல்லை, இருபது வருஷம் காத்திருக்கிறேன். எவனோ ஒரு பையனுக்காக விடுவேனா?

27-8-1973, திங்கள்

விட்டுவிட்டேன்.

வேலூர் அதிகாரி நல்லபடியாகத்தான் கேட்டார். "தலைவர் உத்தரவு போட்டாரா?" நான் வாயைத் திறப்பதற்குள் மாணிக்கவேல் என் பிடரியில் தட்டினான். மாட்டைத் தட்டுவதுபோல். "சொல்லுடா லோகு, ஜல்தி."

அவன் தட்டாமல் இருந்திருந்தால் பொய்யைத்தான் சொல்லியிருப்பேன். சத்தியம்.

"இவர்தான் வெட்டச் சொன்னார். கூறைப் புடவை என்று இவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பையனுக்குத்தான் தெரியாது."

"தெரிஞ்சும் நீங்க ஏன் சொல்லலை?"

"சொல்லப் பிடிக்கவில்லை."

பட்டு நிறுக்கும் எடைக்கல் பறந்து வந்து என் புருவத்தைப் பிளந்தது. அதன் பிறகு நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது; வெட்கமாகவும் இல்லை. மேசைமேல் ஏறிக் குதித்து மாணிக்கவேலின் காதைக் கடித்தேன். நாற்பத்தாறு வயசு, எம்.ஏ. வாயில் உப்பு. தருமனும் அதிகாரியின் டிரைவரும் சேர்ந்து பிரித்தார்கள். முப்பது வருஷம் நினைத்து நினைத்துப் பார்த்த அடியில் பாதிகூட இல்லை. உடம்புதான் களைத்தது.

2-9-1973, ஞாயிறு

பழனி பெண்ணுக்குக் கல்யாணம். கடையில் வாங்கிய புடவை. நான் போகவில்லை. தாலி கட்டி முடிந்ததும் கற்பகம் நேராக என் வாசலுக்கு வந்தாள், கல்யாணப் பூவோடு.

"உன் வூட்ல வந்து வெத்தலை பாக்கு வெச்சமேண்ணா. அதைப் போட்ட வாய், ஒரு வார்த்தை சொல்ல வரலையா?"

சாயங்காலம் ஜன்னலில் கல் விழுந்தது. கிருஷ்ணம்மாள் கண்ணாடியைக் கூட்டி எடுத்தாள். யார் எறிந்தது என்று அவளும் கேட்கவில்லை.

5-2-1974, செவ்வாய்

நிர்வாகக் குழுவைக் கலைத்துவிட்டார்கள். தனி அதிகாரி வந்துவிட்டார். மாணிக்கவேல் கோர்ட்டுக்கு நடக்கிறான். தெரிந்தும் மறைத்ததற்காக என்னையும் வேலையிலிருந்து எடுத்தார்கள். நியாயம்தான் என்று சொன்னால் நான் மனிதன் இல்லை. அந்த அதிகாரியின் கையெழுத்தைப் பார்த்தாலே கிழிக்கத் தோன்றுகிறது.

பையனை சேத்துப்பட்டுக்கு மாற்றித் தருகிறோம் என்றார்களாம். வேண்டாம் என்றானாம். "அதே மேசைதான் வேணும் சார்." தருமன் வந்து சொன்னான். இப்போது நாற்காலி போட்டிருக்கிறார்களாம்.

7-10-1974, திங்கள்

தம்பி வீட்டுத் தறியில் உட்கார்ந்து நாலு மாதம் ஆகிறது. சின்ன வயசில் பழகியது, கால் மறக்கவில்லை, கண்தான் வரவில்லை. முதல் புடவையை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் பழனி.

ஜெயச்சந்திரன் புடவையை விரித்தான். மடங்காத வலது கையால் அமுக்கிக்கொண்டு, இடது கையால் கரையோரமாகத் தடவிக்கொண்டே போனான். பாதியில் நின்றான்.

"இங்க ஓரம் இழுத்திருக்குங்க."

தெரியும். அந்த இடத்தை உள்மடிப்பில் வைத்துத்தான் மடித்துக் கொண்டுபோயிருந்தேன். ஒரு நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்தேன். பழி இருக்கும், தயவு இருக்கும் என்று தேடினேன். புடவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இடது கையால், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோல் ஒவ்வொரு எழுத்தாக, "இரண்டாம் தரம்" என்று எழுதினான்.

அங்கேயே நின்றிருக்கிறேன்போல.

"நகருண்ணா," என்றான் பழனி. "ஆளு நிக்குது."