நாலு ஃபியூஸ்

வியாழன், இரவு

போட்டிக்கு முந்தைய சோதனையில் இன்று எங்கள் ரோபோ செத்துப்போனது. பந்தை உதைப்பதற்கு அதில் இரண்டு சோலனாய்டுகள் இருக்கின்றன. கரண்ட் கொடுத்தால் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு சட்டென்று வெளியே பாயும். நடுவர் உதைக்கச் சொன்னார். ஃபியூஸ் போய்விட்டது.

எல்லோரும் வயரிங் செய்த பிரகாஷைத்தான் பார்த்தார்கள். "எங்கியோ ஷார்ட் ஆயிருக்கும். சாரி மச்சான், என் தப்புதான்" என்றான். "விடு மச்சான், காலைல இன்னொரு சான்ஸ் இருக்குல்ல" என்று பெரிய மனுஷன் மாதிரி தோளைத் தட்டினேன்.

தாம்பரம் ரயிலில்தான் நான் போட்ட கரண்ட் கணக்கை எடுத்துப் பார்த்தேன். போட்டி விதிப்படி ஃபியூஸ் தாங்குவது மொத்தமே பத்து ஆம்பியர். சக்கரங்களுக்கு ரெண்டு, சோலனாய்டுக்கு ஏழு. ஒன்பது என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன். இரண்டு சோலனாய்டும் சேர்ந்து உதைக்கும், அப்போது ஏழு பதினாலாகும் என்பது எப்படி மறந்தது? மேசையில் ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டுக் கைதட்டல் வாங்கிய மடையன் நான். சின்ன சோலனாய்டே போதும் என்று பிரகாஷ் சொன்னபோது சிரித்தவனும் நான்தான்.

ஒன்றன்பின் ஒன்றாக உதைக்கும்படி புரோகிராமில் ஒரு வரி மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் ஏன் மாற்றினாய் என்று கேட்பார்கள். சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கியதுமே அவனுக்குப் போன் செய்திருக்கலாம்.

இப்போது அவனே மெசேஜ் அனுப்பியிருக்கிறான். "எல்லா வயரையும் பிரிச்சிட்டேன் மச்சான். விடியறதுக்குள்ள புதுசா போட்டுடுவேன். நாலு ஃபியூஸ் எக்ஸ்ட்ரா வாங்கி வெச்சிருக்கேன். நீ தூங்கு."

கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன்.