பதினாலு நாள் மாத்திரை

நீ சொன்னதையேதான்டி கண்ணு டாக்டரும் சொல்றார். மருந்துக்கடையில நிக்கிற உனக்கும் அவருக்கும் ஒரே பாட்டு! "இந்த வயித்துக் கோளாறுக்கு ஆன்டிபயாட்டிக்கை மாசக்கணக்கா முழுங்கினா, நாளைக்கு நிஜமாவே கிருமி தாக்கிப் படுத்தா மருந்து கேக்காதும்மா, யோசிச்சு சொல்லுங்க"ங்கறார்.

யோசிச்சேன். அவர் முதல்ல எழுதிக் குடுத்த அந்தப் பதினாலு நாள் மாத்திரை சாப்பிட்டப்பதான், அஞ்சு வருஷத்துல முதல் தடவையா பிரார்த்தனையில கடைசி வரைக்கும் உட்கார்ந்தேன். பாதியில எழுந்து ஓட வசதியா கதவோரத்து நாற்காலியைத் தேடலை. நிறுத்தின மறுநாளே பழையபடி கடமுடா. அதனால நாளைக்குப் போய், ஆறு மாசத்துக்கு எழுதிக் குடுங்கன்னு கேக்கப்போறேன். திட்டாதே, கடவுள் பார்த்துப்பார்.

உன் அத்தை

இப்பதான் ஞாபகம் வருது. மாத்திரை பலிக்கணும்னு வேண்டிக்கிட்டு, அந்தப் பதினாலு நாளும் நான் தினம் மூணு வேளை குடிக்கிற பால் டீயைத் தொடவே இல்லை. முடிஞ்ச அன்னிக்குத்தான் சேர்த்து வச்சு நாலு டம்ளர் குடிச்சேன்.