கூஜா தாண்டிப் போகிற ஆள்

அன்புள்ள மகனுக்கு உன் பெரியப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், மருமகளும் வயிற்றிலிருக்கிற உன் வாரிசும் எங்களைவிடச் சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். பொழுது சாய்கிற நேரத்தில் நான் பேனா பிடித்திருக்கிறேனே என்று பயந்துவிடாதே. மர மில்லில் கூஜா சுற்றுகிற வட்டத்தில் இருக்கவேண்டியவன்தான். சிரிப்புச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது, எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. எல்லாம் புதிதாக வந்திருக்கிற நர்ஸ் பொண்ணால். உன் வயதுகூட இருக்காது, ஊரைத் திருத்திவிட்டுத்தான் தூங்குவேன் என்கிற முகம். வந்த வாரமே மில்லுக்குள் புகுந்து, கைமாறிக்கொண்டிருந்த சாராயக் கூஜாவைப் பிடுங்கி மரத்தூளில் கவிழ்த்துவிட்டாள். வாயில் வைக்காமல் கூஜாவைத் தாண்டவிட்டாலே பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம், மறுநாள் மரம் தூக்க ஒருத்தன் கைகொடுக்கமாட்டான். கவிழ்த்தால் விடுவார்களா? வீட்டுப் பெண்களைக்கூட அனுப்பவில்லை, ஆஸ்பத்திரி பெஞ்சில் ஈதான் உட்கார்ந்தது. மருமகளைக் காட்ட நான் மட்டும் போனேன், எனக்குத்தான் பயம் என்றால் என்னவென்றே தெரியாதே. அங்கேதான் அவள் கேட்டாள், இவங்களுக்கு ராத்திரி வலி எடுத்தா ஜீப்ப யாரு ஓட்டுவாங்க என்று. ஊருக்கு இருப்பது மில் ஜீப் ஒன்று, ஓட்டத் தெரிந்த அத்தனை பேரும் வட்டத்தில். புலியையே முறைத்துப் பார்த்தவன் நான், அன்றைக்குத் தரையைத்தான் முறைத்துப் பார்த்தேன்.

மறுநாள் அவளே வந்து வட்டத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், கூஜாவைத் தொடவில்லை. ஜீப் சாவி வச்சிருக்கிற ஆள மட்டும் கூஜா தாண்டிப் போகட்டும், அதச் சண்டையா எடுத்துக்காதீங்க, அது போதும் என்றாள். ஒருத்தன் குடிக்காம மொறச்சுக்கிட்டு இருந்தா எங்களுக்கு எப்படிம்மா உள்ள எறங்கும் என்றார் மேஸ்திரி. அவரு பங்கையும் சேத்து நீங்களே குடிங்க என்றாளே பார்க்கணும்! மில் கூரையே அதிர்ந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் நான் எழுந்து சாவியை வாங்கிவிட்டேன், எல்லோரும் கைதட்டினார்கள், இரண்டு பேர் அழுததாகவும் கேள்வி. அன்றிலிருந்து ஜீப் நம் வாசலில், பெண்களும் பழையபடி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். ஆனால் குடியை விட்டதிலிருந்து கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. எழுத்து கோணியிருந்தால் அதுதான் காரணம், இல்லாவிட்டால் ஐந்தாம் வகுப்பு வாத்தியாரே அச்சடிச்சதாடா என்று கேட்ட எழுத்து இது. நேற்று வட்டத்தில் போய் உட்கார்ந்தேன், கூஜா என்னைத் தாண்டியது, பேச்சும் தாண்டியது. அதனால் இன்றைக்குப் போகவில்லை.

இந்த இடத்தில் மருமகள் மாமா என்று கூப்பிட்டாள், பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன், விட்டதை இப்போது எழுதுகிறேன். ஜீப்பை முடுக்கினால் இருமிவிட்டு நின்றது. சத்தம் கேட்டு வட்டமே தள்ளாடி ஓடிவந்தது, மேஸ்திரி ஒற்றைச் செருப்போடு. நீ ஸ்டியரிங்கப் பிடி பெருசு, நாங்க தள்றோம் என்று தெருக்கோடிவரை தள்ளிக் கிளப்பியும் விட்டார்கள். அவளை ஏற்ற வந்தால், அவள் கேட்டது குடிக்கத் தண்ணீராம்! இரைக்க இரைக்க நின்ற மேஸ்திரிக்கும் ஒரு சொம்பு கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, பழக்கம் விடுமா, பக்கத்து ஆளிடம் நீட்டினார். அது ஒவ்வொரு கையாக மாறி என்னிடம் வந்தது, என்னைத் தாண்டவில்லை.

போனை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள், எந்த வேளையில் அடித்தாலும் எடு. நீயும் உன் பிள்ளையும் குறையில்லாமல் வாழவேண்டும்.

சாவியை இடுப்பில் செருகியபடி,
உன் பெரியப்பா